சும்மா ஒரு எட்டு

வலது தோள்பட்டையில் இன்னும் வலி இருக்கிறது. காரின் டிக்கியில் வாழைத்தார் வாடை இருக்கிறது. இரண்டும் எப்படி வந்தன என்ற கதையைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் கூப்பிட்டவர்கள் படித்துவிடுவார்கள், படித்தால் வருத்தப்படுவார்கள், வருத்தப்பட்டால் சமாதானம் செய்ய மறுபடியும் கூப்பிடுவார்கள். ஆகவே கதை வேண்டாம், வாதம் மட்டும் போதும். தம்மம்பட்டிப் பக்கம் தோட்டத்தில் வீடு கட்டிக் குடியிருக்கும் எல்லா நண்பர்களும் சொல்கிற ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறேன்: "சாயங்காலமா சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க." இந்த வாக்கியத்தில் எந்தச் சொல்லுக்கும் அகராதியில் போட்டிருக்கும் பொருள் கிடையாது என்பது என் கட்சி. பழைய உரைகாரர்கள் மாதிரி சொல் சொல்லாகப் பிரித்து நிரூபிக்கிறேன். இவற்றில் மிகவும் ஆபத்தானது 'ஒரு எட்டு'தான். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம். பிடித்ததை இலையோரத்தில் ஒதுக்கி வைத்துக் கடைசியில் சாப்பிடுவது நம் வழக்கம்தானே.

முதலில் சாயங்காலம். கூப்பிடும்போது அது மாடு கறக்கிற நேரம், நாலரை, ஐந்து. அனுப்பும்போது கணக்கு மாறிவிடும். அப்போது பழைய இலக்கணக் கணக்கு. நாளுக்கு ஆறு சிறுபொழுது, ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். அதன்படி மாலை என்பது ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடிகிறது. மாலை முல்லைத் திணைக்குரிய பொழுது. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். தலைவன் வரும்வரை தலைவி ஆற்றியிருப்பதுதான் இருத்தல் என்று உரை எழுதியவர்கள் யாரும் இந்தப் பக்கம் விருந்துக்குப் போனதில்லை. போயிருந்தால் "இருங்க, இப்ப என்ன அவசரம்" என்பதைக் கேட்டு உரையைத் திருத்தியிருப்பார்கள். இதோடு நின்றாலாவது பத்து மணிக்கு விடுதலை. ஆனால் தம்மம்பட்டிக்கு ஒரு பக்கம் கொல்லிமலை, மறுபக்கம் பச்சைமலை. மலை என்றால் குறிஞ்சி. குறிஞ்சிக்குரிய பொழுது யாமம், இரவு பத்திலிருந்து இரண்டு. முல்லையில் உட்கார வைத்துக் குறிஞ்சியில் எழவிடுவது என்பது அந்த ஊரின் பூகோளத்திலேயே இருக்கிறது. பிரிதலோ பாலைக்குரியது, அதற்குரிய பொழுது நண்பகல். ஆக, இலக்கணம் பிசகாமல் விடைபெற வேண்டுமென்றால் மறுநாள் மத்தியானம்தான் முடியும். "ராத்திரி தங்கிட்டு, காலையில சாப்டுட்டு, வெயில் தாழக் கிளம்பலாமே" என்று அவர்கள் சொல்வதை இனி உபசாரம் என்று நினைக்காதீர்கள். அது நூற்பா.

அடுத்தது சும்மா. இந்தச் சொல்லுக்குப் பதினைந்து பொருள் உண்டு என்று வருஷத்துக்கு இரண்டு தடவை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறதே, அதை எழுதியவருக்குப் பதினாறாவது தெரியாது. பதினாறாவது பொருள்: செருப்பை மாட்டிக்கொண்டு வரப்பில் நடத்தல். சும்மா வந்தவனைச் சும்மா உட்காரவிடுவது தோட்டத்துக்காரர்கள் குணத்தில் கிடையாது. பாக்கு மரம் எத்தனை, தென்னை எத்தனை, அதில் குட்டை எத்தனை, நெட்டை எத்தனை என்பதெல்லாம் வந்தவன் மனத்தில் ஏற வேண்டும். பிறகு கிணறு. சேலம் ஜில்லாக் கிணறுகள் வீட்டு முற்றத்துக் கிணறுகள் இல்லை; பாறையை வெட்டி இறக்கிய பள்ளத்தாக்குகள். அவற்றின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்து ஒரு கருத்துச் சொல்வது விருந்தாளியின் கடமை. தண்ணீர் இருந்தால் "பரவாயில்லையே" என்றும், இல்லாவிட்டால் "அடடா" என்றும் சொல்ல வேண்டும். இருட்டிய பிறகு கூட்டிப்போனால் எது இருக்கிறது என்று தெரியாது. அப்போது இரண்டையும் கலந்து தொண்டைக்குள் ஒரு சத்தம் எழுப்ப வேண்டும். அந்தச் சத்தத்துக்குத் தமிழில் எழுத்து கிடையாது. பட்டணத்திலிருந்து போகிற எவருக்கும் அது தானாக வந்துவிடுகிறது.

இதற்கு ஒரு ஆட்சேபணை வரும். "நல்ல காற்று, பச்சைப் பசேல் என்று தோட்டம், இதையெல்லாம் காட்டினால் கசக்கிறதா?" கசக்கவில்லை. காட்டுவதில் குற்றமில்லை, சொல்வதிலும் குற்றமில்லை. என் குறை என்னவென்றால், சொல்ல வந்தது எதையும் சொல்லி முடிப்பதில்லை. குச்சிக்கிழங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர்கள் மரவள்ளி என்பார்கள். இந்த வட்டாரத்தில் அது பெரும்பாலும் சாப்பாட்டுக்குப் போவதில்லை, ஜவ்வரிசி ஆலைக்கும் ஸ்டார்ச் ஆலைக்கும் போகிறது. அந்த ஜவ்வரிசியை விற்றுக் கொடுக்கச் சேலத்தில் 1981இல் தொடங்கிய சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமே இருக்கிறது. ஆனால் கிழங்குக்கு வெறும் எடை பார்த்து விலை போடுவதில்லை. மாதிரி எடுத்து, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து, பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள். விளைவித்தவன் ஒருவன், பாயிண்ட் பார்ப்பவன் இன்னொருவன். தன் கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது என்பதைத் தன்னிடம் வாங்குகிறவனே சொல்லக் கேட்டுக்கொள்ள வேண்டிய நிலைமையில் ஒரு நாவலுக்கான சரக்கு இருக்கிறது. 2020க்குப் பிறகு மாவுப்பூச்சி வந்து குருத்தையெல்லாம் சுருட்டியதில் இன்னொரு நாவல் இருக்கிறது. நண்பர் அதை ஆரம்பிப்பார். வந்தவர் முதல்முறையாக நிஜமான ஆர்வத்தோடு காதைக் கொடுப்பார். சரியாக அந்த நேரத்தில் மோட்டார் ரூமில் சிவப்பு விளக்கு எரியும். "திரீ பேஸ் வந்துருச்சு" என்று நண்பர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவார். பம்பு செட்டுக்கு மும்முனை மின்சாரம் நினைத்த நேரத்தில் கிடைப்பதில்லை, வந்த நேரத்தில் பாய்ச்சிக்கொள்ள வேண்டும் என்பது நியாயம்தான். அவர் ஓடுவதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பாதி நாவலோடு வரப்பில் நின்று கொசுக்கடி வாங்குகிறவனையும் யாராவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

தோட்டம் முடிந்தால் வீடு. தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் என்பதால், கூடத்துச் சுவரில் ஒரு யாளியோ தசாவதாரமோ இல்லாமல் இருக்காது. அது எந்த மரம் என்று கேட்டுத் தொலைக்காதீர்கள். பெரும்பாலும் தூங்குமூஞ்சி மரம் என்று பதில் வரும். அந்த நேரத்துக்கு வந்தவர்கள் முகம் இருக்கும் நிலைமையில் அதைச் சாடையாகச் சொல்கிறாரோ என்று சந்தேகம் வந்துவிடும். இந்த ஊர்த் தச்சர்கள் எங்கெங்கோ இருக்கும் கோயில்களுக்கெல்லாம் குதிரை, யாளி என்று வாகனம் செய்து அனுப்புகிறவர்கள். சாமிகளை எல்லாம் வாகனத்தில் ஏற்றி வீதியுலா அனுப்புகிற ஊர், வந்த விருந்தாளியின் வாகனத்தை மட்டும் கிளப்பவிடாது என்பது ஆராய்ச்சிக்குரிய விஷயம்.

மூன்றாவது, 'வந்துட்டு'. இலக்கணத்தில் இது வினையெச்சம். எச்சம் என்றால் மிச்சம் என்று பொருள். இலையில் மிச்சம் வைக்கவிடாதவர்கள் இலக்கணத்தில் மட்டும் விட்டுவிடுவார்களா? வந்ததும் தண்ணீர். தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைப்பதற்குள் காபி. காபி ஆறுவதற்குள் முறுக்கு, தட்டுவடை. தோட்டத்திலிருந்து திரும்பியதும் இளநீர், அதை வெட்டிய கையோடு வழுக்கை. அப்புறம் "டிபன்தான், சாப்பாடு இல்லை" என்ற உறுதிமொழியோடு பணியாரம். உறுதிமொழி காற்றில் போகச் சாப்பாடு. இந்தப் பழக்கத்துக்கு வல்வில் ஓரியைத்தான் பொறுப்பாக்க வேண்டும். கொல்லிமலையை ஆண்ட ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கடந்து, மான், பன்றி என்று துளைத்துக்கொண்டு போய்க் கடைசியில் உடும்பில் நின்றதாகப் புறநானூற்றில் இருக்கிறது. அதே மலையடிவாரத்தில் "ஒண்ணே ஒண்ணு" என்ற ஒரே சொல் பணியாரத்தில் புறப்பட்டு, இட்லியைக் கடந்து, குழம்பைத் துளைத்து, ரசம் வழியாகப் போய்த் தயிர்சாதத்தில் நிற்கிறது. ஓரியிடம் விருந்துண்ட கூத்தர்கள் ஆடலையும் பாடலையும் மறந்தே போனார்கள் என்றும் அதே நூலில் இருக்கிறது. அதைப் புகழ்ச்சி என்றுதான் எல்லோரும் படிக்கிறார்கள். எனக்கு அது மருத்துவக் குறிப்பாகத் தெரிகிறது. பணியாரத்துக்கு மேல் சாப்பாடும் ஏற்றிய பிறகு எவனால் ஆட முடியும்?

இனி 'போங்க'. வாக்கியத்தின் வினைமுற்று இதுதான். ஒருநாளும் முற்றாத வினையும் இதுதான். தமிழில் யாரும் யார் வீட்டிலிருந்தும் போவதில்லை. "போறேன்" என்பது அபசகுனம் என்பதால் "வர்றேன்" என்கிறோம். புறப்படுகிறவன் வர்றேன் என்றால், கேட்கிறவர்கள் அவன் வருவதாகத்தானே எடுத்துக்கொள்வார்கள்? மொழியே கதவைச் சாத்திவிட்ட பிறகு மனிதன் என்ன செய்ய முடியும்? பெருமாளுக்கு நின்ற, இருந்த, கிடந்த என்று மூன்று கோலம்தான். கிளம்புகிற விருந்தாளிக்கு ஏழு. முதலாவது இருந்த கோலம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு உள்ளங்கைகளாலும் தொடையைத் தட்டி "சரி" என்பது. தொடையைத் தட்டாத சரி செல்லாது. அது பேச்சுக்கு நடுவில் வரும் சாதாரணச் சரி. தட்டிச் சொன்னாலும் அது வெறும் மனுதான். பதிவு செய்துகொள்வார்கள், உத்தரவுக்கு அரை மணி ஆகும். இரண்டாவது அரைக்கோலம். உடம்பு நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழும்பியிருக்கும். அந்த நேரம் பார்த்து "ஆமா, பையனுக்குப் பொண்ணு பாத்தீங்களே, என்னாச்சு?" என்பார்கள். இதற்கு அந்தரத்தில் நின்று பதில் சொல்ல முடியாது, உட்கார்ந்தாக வேண்டும். மூன்றாவது நின்ற கோலம். எல்லோரும் எழுந்துவிட்டார்கள், ஆனால் யாரும் நகரவில்லை. தேசியகீதத்துக்கு நிற்பது போல, ஆனால் கீதம் ஐம்பத்திரண்டு விநாடியில் முடிந்துவிடும். நான்காவது குங்குமக் கோலம். மஞ்சள் குங்குமம் வாங்காமல் போகக்கூடாது என்று பெண்கள் உள்ளே போவார்கள். சிமிழ் இருக்கும், குங்குமம் இருக்காது. குங்குமம் வந்தால் பூ இருக்காது. பூ தேடப் போன இடத்தில் ஒரு தனி மாநாடு கூடிவிடும். அது முடிவதற்குள் வெளியே ஆண்கள் களைத்துப்போய் மறுபடி உட்கார்ந்துவிடுவதால் ஆட்டம் முதல் கோலத்திலிருந்து. ஐந்தாவது செருப்புக் கோலம். ஒரு கால் செருப்புக்குள், ஒரு கால் வாசற்படியில். கொக்குகூட மீன் வரும்வரைதான் அப்படி நிற்கும். கவனியுங்கள், அன்று மாலை முழுதும் வராத செய்திகளெல்லாம் இங்கேதான் வரும். யார் நிலத்தை விற்றார், யாருக்குக் கண் ஆபரேஷன், எந்தப் பையன் மூன்று வருஷமாகப் பேசுவதில்லை என்பதெல்லாம் ஒற்றைக் காலில் நிற்கிறவனிடம்தான் சொல்லப்படும். ஆறாவது டிக்கிக் கோலம். "டிக்கியத் தொறங்க" என்று குரல் வரும்போதே தேங்காய்ச் சாக்கு வந்துகொண்டிருக்கும். பின்னாலேயே முருங்கைக்காய், குச்சிக்கிழங்கு, சின்ன வெங்காயம், எலுமிச்சை, ஆளுயரத்துக்கு வாழைத்தார். 2021 டிசம்பரில் அரசாங்கம் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியபோது இந்தப் பக்கத்துக்காரர்கள் சிரித்திருப்பார்கள். மஞ்சப்பையில் இங்கே எலுமிச்சை மட்டும்தான் அடங்கும். "வேண்டாங்க" என்றால் ஒன்று இரண்டாகும். "வீட்ல ரெண்டே பேருதாங்க" என்றால் "அக்கம்பக்கத்துல குடுங்க" என்று பதில் வரும். அதாவது வந்தவன் விருந்தாளி என்ற பதவியிலிருந்து இறங்கிச் சரக்கு வண்டிக்காரனாகிறான். ஏழாவது கண்ணாடிக் கோலம். இஞ்சின் ஓடுகிறது, கண்ணாடி இறங்கியிருக்கிறது, நண்பரின் கை ஜன்னல் விளிம்பில் இருக்கிறது. அந்தக் கை இருக்கும்வரை எந்த டிரைவரும் கிளட்சை விட முடியாது. இப்போது பாதை விவாதம். ஆத்தூர், வாழப்பாடி வழியா? நாமகிரிப்பேட்டை, ராசிபுரம் வழியா? பெரிய ரோடு என்பது ஒரு கட்சி, கூட்டம் இல்லாத ரோடு என்பது எதிர்க்கட்சி. இரண்டு கட்சிக்கும் ஆதரவாளர்கள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து டார்ச் அடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். நாமகிரிப்பேட்டை என்றதும் நாகஸ்வரம் ஞாபகம் வருகிறது. நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் எத்தனை நேரம் ராக ஆலாபனை செய்தாலும் கடைசியில் மங்களம் என்று ஒன்று உண்டு, அது சீக்கிரம் முடிந்துவிடும். பக்கத்து ஊரில் மங்களத்தையே ஆலாபனை செய்கிறார்கள். ஏழு கோலம் என்றேன். இன்னும் ஒன்று விட்டுப்போயிற்று. வீடு வந்து, சாக்கை இறக்கி, விளக்கை அணைத்துப் படுத்த பிறகு "சேந்துட்டீங்களா?" என்று வரும் போன். அதுவும் நாற்பது நிமிஷம். செருப்புக் கோலத்தில் பாதியில் நின்ற செய்தியின் மீதி அதில் வரும்.

தமிழ்ப் பண்பாட்டைக் கேலி செய்கிறேன் என்று யாராவது கோபிக்கலாம். விருந்தோம்பலுக்கு வள்ளுவர் தனி அதிகாரமே, பத்துக் குறள், வைத்திருக்கிறாரே என்பார்கள். வைத்திருக்கிறார். அதில் செல்விருந்து என்று ஒரு சொல்லும் வைத்திருக்கிறார். வந்த விருந்தை நன்றாகக் கவனித்து அனுப்பிவிட்டு, அடுத்த விருந்தை எதிர்பார்த்திருப்பவன் வானுலகத்தில் நல்ல விருந்தாவான் என்பது அவர் கணக்கு. அனுப்பிவிட்டு என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். முதல் விருந்து வாசலில் செருப்புக் கோலத்தில் நின்றுகொண்டிருந்தால் அடுத்த விருந்து எந்த வழியாக உள்ளே வரும்? வள்ளுவர் என் பக்கம்தான். இன்னொரு ஆட்சேபணை, "பிடிக்காவிட்டால் போகாமல் இருக்க வேண்டியதுதானே?" என்பது. ஒருமுறை போகாவிட்டால் "பெரிய ஆளாயிட்டீங்க" என்ற வார்த்தை வரும். அந்த வார்த்தையை வாங்கிக் கட்டிக்கொள்வதைவிட வாழைத்தார் சுமப்பது எளிது.

உண்மையில் என் எரிச்சல் வாழைத்தாரின்மேல் இல்லை. ஐந்து மணியிலிருந்து பதினொன்றரை வரை, அந்த வீட்டில் எல்லோரும் ஒரே இடத்தில் சேர்ந்து உட்கார்ந்த நேரம் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். நண்பர் பாதி நேரம் மோட்டார் ரூமில். மீதி நேரம் வந்தவர்களுக்கு மரத்தைக் காட்டுகிறார், தன் முகத்தைக் காட்டுவதில்லை. அந்த வீட்டு அம்மாவோ மூன்று மணிக்கே அடுப்படிக்குள் போனவர், பணியாரச் சட்டியிலிருந்து தோசைக்கல்லுக்கும் தோசைக்கல்லிலிருந்து குழம்புச் சட்டிக்கும் மாறிக்கொண்டே இருக்கிறார். கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டால் கரண்டியோடு எட்டிப் பார்த்துவிட்டு, எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியாமலே தானும் சிரித்துவிட்டு உள்ளே போகிறார். வந்தவர்களோடு அவருக்குப் பேசக் கிடைக்கும் முதல் சந்தர்ப்பமே அவர்கள் எழுந்து நிற்கும்போதுதான். அதனால்தான் குங்குமச் சிமிழ் அகப்படுவதில்லை. அதனால்தான் படியில் அத்தனை சேதி. ஜன்னலில் வைத்த கை எடுக்கப்படாததற்கும் அதுதான் காரணம். கிளம்பல் நீள்கிறது என்று ஏழு கோலத்தையும் எண்ணிக் கேலி செய்தேனே, அன்று மாலை நடந்த ஒரே சந்திப்பு அந்தக் கிளம்பல்தான். முன்னால் நடந்ததெல்லாம் சமையலும் சுற்றுலாவும். விருந்து விருந்து என்று மனிதரைத் தவிர மற்றதையெல்லாம் பரிமாறிவிட்டு, மனிதரை மட்டும் கடைசியில் கார்க் கண்ணாடி வழியாக ஊட்டுகிறோம். இதில் வந்தவர்கள் குற்றம் குறைவில்லை. "எதுக்குங்க இவ்வளவு செரமம்" என்று சொல்லிக்கொண்டே ஆறாவது பணியாரத்துக்குக் கையை நீட்டுகிறவர்கள் நாம்தான். முறுக்கோடு நிறுத்திவிட்டு, "அம்மா, வந்து உட்காருங்க" என்று ஒருதரம் கூப்பிட எவனுக்கும் வாய் வருவதில்லை.

ஆகவே தோட்டத்து வீட்டுக்காரர்களுக்கு என் விண்ணப்பம். காபி போதும். அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் கூடத்துக்கு வந்து உட்காருங்கள். கிணறு எங்கும் போய்விடாது. அந்தக் குச்சிக்கிழங்குக் கதையை முதலிலிருந்து சொல்லுங்கள், மோட்டாரைப் பையன் போடட்டும். பேச வேண்டியதை உட்கார்ந்தே பேசி முடித்துவிட்டால், தொடையைத் தட்டிய பத்தாவது நிமிஷத்தில் கார் தார் ரோட்டில் இருக்கும். 'ஒரு எட்டு' பற்றிக் கடைசியில் சொல்கிறேன் என்றேன், கிளம்புகிற நேரமாகிவிட்டது. கிழங்குக்காவது ஆலையில் பாயிண்ட் பார்க்கிறார்கள், கட்டுரைக்கு அப்படி யாரும் பார்க்காதவரை எனக்குக் கவலையில்லை. வேறொரு கவலைதான் இருக்கிறது. வாழைத்தார் ஒரே நாளில் முழுக்கப் பழுத்துவிட்டது, வீட்டில் இருப்பது இரண்டு பேர். வேண்டுகிறவர்கள் சாயங்காலமா சும்மா ஒரு எட்டு வந்து எடுத்துட்டுப் போங்க. வந்தால் ஒரு வாய் காபி சாப்பிடாமல் அனுப்ப முடியாது.